கம்பக்குழியில் நட்ட எல்லைக்கல்

மகளே, மகனே, நீங்கள் இருவரும் ஒரே வாரத்தில் எனக்குப் போன் செய்து ஒரே காரியத்தைப் பற்றிக் கேட்டீர்கள். கேட்ட கேள்விகள்தான் ஒன்றுக்கொன்று நேர்மாறு. மகளே, நீ திருப்பூரிலிருந்து, "ஏப்பா, பெரியப்பா வீட்டு பாத்ரூமை நீங்க சொல்லித்தேன் இடிச்சாங்களாமே? அவங்க நமக்கு என்ன கெடுதல் பண்ணாங்க?" என்றாய். மகனே, நீ இரண்டு நாள் கழித்து, "பெரியப்பாவைக் காப்பாத்த சர்வேயர்கிட்ட பொய் எழுதிக் குடுத்தீங்களாமேப்பா, மாமா வருத்தப்படுறாரு" என்றாய்.

இரண்டு பேருக்கும் "நேர்ல வாங்க, பேசுவோம்" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். மறைக்கவில்லை. எனக்கே சொல்லத் தெரியவில்லை. நான் செய்தது எது, தானாக நடந்தது எது என்று பிரிக்கப் பார்த்தால் தலை சுற்றுகிறது. எழுதிப் பார்த்தால் தெளியுமோ என்று உட்கார்ந்திருக்கிறேன். நான் ஒன்பதாவதுவரை படித்தவன். மனுவோ கடிதமோ எழுதினால் பெரியப்பாவிடம் காட்டித் திருத்தி வாங்குவதுதான் வழக்கம். இதை மட்டும் அவரிடம் காட்ட முடியாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் நம் தெரு எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். நீங்கள் பிறந்தபோது எல்லாம் இப்படியே இருந்ததால், எப்போதும் இப்படித்தான் இருந்தது என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள்.

என் அப்பாவும் அவர் கூட்டாளிகளும் சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்காலில் கூலிக்கு நின்றவர்கள். சொந்தமாக ஒரு சாண் நிலம் கிடையாது. வாய்க்கால் கரையில் குடிசை. ஒரு ஐப்பசி மழையில் வாய்க்கால் உடைந்து அடுப்பு வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. அதற்குப் பிறகு அரசாங்கம் பஸ் ரோட்டுக்கும் வாய்க்காலுக்கும் நடுவில் இருந்த தரிசை அளந்து எங்களுக்கு வீட்டுமனை கொடுத்தது. நான் அப்போது நாலாவது படித்தேன். அதுதான் தெற்கு வரிசை, நம் வரிசை.

இரண்டு வருடம் கழித்து வடக்கு வரிசை வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார்களும் டீச்சர்களும் ஆபீஸ் ஆட்களும் சேர்ந்து மனை வாங்கினார்கள். மதுரைக்குப் போக பஸ் பக்கம் என்பதுதான் காரணம். எல்லாரும் வேதக்காரர்கள், சர்ச்சுக்குப் போகிறவர்கள். இரண்டு வரிசைக்கும் நடுவில் ஒரு பொட்டல் மிச்சம் இருந்தது. அதன் வடக்கு ஓரத்தில், அவர்களில் ஒருவரான பெரியப்பாவின் மனைக்கும் பொட்டலுக்கும் எல்லையாக, சர்க்கார் நட்ட கருங்கல் ஒன்று நின்றது. என் இடுப்பு உயரக் கல். முக்கால்வாசி மண்ணுக்குள்.

ஆரம்பத்தில் இரண்டு வரிசையும் பேசிக்கொள்வதில்லை. சண்டை கிடையாது, என்ன பேசுவது என்று தெரியாது. பேச வைத்தது ஒரு கம்பம்.

அவர்கள் குடிவந்த வருடம் மார்கழி பிறக்கும் முன்னால், பஸ்ஸில் போகிறவர்களுக்கும் தெரியும்படி உயரத்தில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்ட ஆசைப்பட்டார்கள். பொட்டல் முழுக்கச் சுக்கான் தரை, பாறை மாதிரி இறுகிய மண். வாத்தியார்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அரை நாள் தோண்டியும் முழங்கால் ஆழம் இறங்கவில்லை. எங்கள் ஆட்கள் இந்தப் பக்கம் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தார்கள். கடைசியில் என் அப்பாவுக்கே பொறுக்கவில்லை.

"சார், கிணறு வெட்டுறீகளா கம்பம் நடுறீகளா?" என்று கேட்டுக்கொண்டே போனார். "அந்தக் கல்லை உருவுங்க. சர்க்காரே வெட்டிப்போட்ட குழி, தயாரா இருக்கு."

உருவினார்கள். குழி தொடையளவு இருந்தது. கம்பத்தை நட்டார்கள், நட்சத்திரம் ஏறியது. அந்தக் கல் மனையை அளந்து முடித்தபின் தேவையில்லாமல் நிற்கிற கல் என்றுதான் இரண்டு வரிசைக்காரர்களும் நினைத்தார்கள். படித்தவர்களும் அப்படியே நினைத்தார்கள் என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன், என் அப்பாவை மட்டும் குற்றம் சொல்லிவிடாதீர்கள்.

மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்து அவர்கள் நட்சத்திரத்தை இறக்கியபோது, எங்கள் ஆட்கள் போய், "கம்பத்தை மட்டும் விட்டு வைங்க சார், பொங்கலுக்கு உறி கட்டிக்கிறோம்" என்று கேட்டார்கள். விட்டு வைத்தார்கள். பொங்கல் விளையாட்டு முடிந்ததும் கம்பத்தைப் பிடுங்கிவிட்டு, கல்லைப் பழையபடி நட்டார்கள். அதுவே வழக்கமாகிவிட்டது. மார்கழிக்கு முன் கல் வெளியே வரும், தை பாதியில் உள்ளே போகும். அந்த ஒன்றரை மாதமும் அது பெரியப்பா வீட்டுச் சுவரோரம் படுத்திருக்கும். மகளே, நீ அதன்மேல் உட்கார்ந்துதான் பெரியம்மா கையால் கேக் தின்பாய்.

பெரியப்பாவுக்கு அந்த மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க் வேலை. பெரியம்மா அங்கேயே சின்ன வகுப்பு டீச்சர். எனக்கு அவர் அண்ணன், பெரியம்மா மதினி. வயதில் பெரியவர், வேதம் வேறு, சாதி வேறு, ஆனாலும் அண்ணன்தான். நம் வரிசையில் யாருக்கும் தாலுகா ஆபீசுக்கு மனு எழுதத் தெரியாது. ரேஷன் கார்டு, முதியோர் பென்ஷன், ஸ்கூல் சர்டிபிகேட், கரண்டு, எல்லாம் அண்ணன் வீட்டு முன்னறை மேஜையில் பிறந்த மனுக்கள். சாயங்காலம் அந்த அறை வாசலில் நாலு செருப்பாவது கிடக்கும். காசு வாங்க மாட்டார். சொன்னதைச் சொன்னபடி எழுதுவார். யாராவது ஏற்றிச் சொன்னால் பேனாவை மூடிவைத்துவிட்டு, "நடந்ததைச் சொல்லு, அப்புறம் எழுதுறேன்" என்பார்.

அப்பாவுக்கு முடியாமல் போனபின் கல்லும் கம்பமும் என் பொறுப்பாயின. நான் மோட்டார் மெக்கானிக். போர்க்குழாயிலிருந்து மோட்டாரைத் தூக்கும் முக்காலியும் செயின் பிளாக்கும் என்னிடம் இருந்தன. நாலு ஆள் மூச்சுப் பிடித்த வேலையை நான் ஒற்றை ஆளாகச் செய்தேன். எனக்கு அதில் பெருமை என்றே சொல்ல வேண்டும். கல்லைத் தூக்கி ஆட்டும்போது பிள்ளைகள் கைதட்டும். திரும்ப நடும்போது யாரும் பார்க்க மாட்டார்கள், நானும் கண்ணால் பார்த்து ஒரு குத்துமதிப்பாக இறக்கி, மண்ணைத் தள்ளி, மிதித்துவிட்டுப் போவேன். எங்கே இருந்ததோ அங்கேதானே இறங்கும் என்ற நினைப்பு.

மூன்று வருடத்துக்கு முன் மதினிக்கு வலது பக்கம் வாதம் இழுத்துவிட்டது உங்களுக்குத் தெரியும். அந்த வீட்டில் குளியலறையும் கக்கூசும் பின்கட்டில், நாலு படி இறங்கிப் போக வேண்டும். அண்ணன் தூக்கிக்கொண்டு இறங்கி ஒருநாள் இரண்டு பேருமே விழுந்தார்கள். அதற்குப் பிறகுதான் தெற்குச் சுவரை ஒட்டி, பொட்டல் பக்கமாக, புது பாத்ரூம் கட்டினார். தரை மட்டமாக, சக்கர நாற்காலி நேரே உள்ளே போகிற மாதிரி. பிடித்து எழுந்திருக்கும் கம்பிகளை நான்தான் வளைத்து மாட்டினேன்.

கட்டுவதற்கு முன்னால் நூல் பிடித்தோம். டேப்பின் ஒரு முனை கல்லில், மறுமுனை என் கையில்.

"தம்பி, நம்ம எல்லைக்குள்ளதானே இருக்கு? நல்லாப் பாரு."

"கல்லுக்கு ஒரு அடி உள்ள தள்ளி இருக்குண்ணே. கவலையே படாதீங்க."

இதைச் சொன்னது நான். அப்போது எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை. கல் என்றால் நகராத பொருள் என்று, வருடா வருடம் அதைத் தூக்கிப் போட்டவனே நம்பியிருக்கிறேன்.

இனிதான் குழப்பம்.

உங்கள் தாய்மாமன், என் மாப்ள, பொட்டலில் ஒரு சமுதாயக்கூடம் வர வேண்டும் என்று பல வருடம் அலைந்தவன். அவன் ஆசையில் தப்பில்லை. அவன் மாமனார் இறந்தபோது பெய்த மழையில், வந்தவர்கள் தார்ப்பாய்க்கு அடியில் முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். மகளே, உன் கல்யாணத்துக்கு இடம் இல்லாமல் ஊர் ஊராக மண்டபம் தேடியதை நீயும் மறந்திருக்க மாட்டாய். அந்த மனுக்களையும் அண்ணன்தான் எழுதினார். ஒருவழியாகப் போன தை மாதக் கடைசியில் கூடம் வரும் என்று தகவல் வந்தது. அவர்கள் வரைபடத்துக்குப் பொட்டல் இரண்டடி குறைவதாகவும், எதற்கும் சர்வே செய்து பார்க்கலாம் என்றும் சொன்னார்கள்.

மாசியில் சர்வேயர் வந்தார். சின்ன வயதுப் பெண், மதுரை கே.கே. நகரிலிருந்து ஸ்கூட்டரிலேயே வந்துவிட்டார். கூட ஒரு உதவியாள் அளவுச் சங்கிலியோடு. நேரே அந்தக் கல்லுக்குப் போய் காலால் லேசாகத் தள்ளினார். கல் ஆடியது. நான் நட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, மண் இறுகவில்லை.

"இது யாருண்ணே நட்டது?"

மொத்தத் தெருவும் என்னைத் திரும்பிப் பார்த்தது. நான் கம்பக் கதையைச் சொன்னேன். அந்தப் பெண் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சர்வே கல்லை வருசா வருசம் புடுங்கி நட்டிருக்கீங்க. வெளிய சொல்லாதீங்கண்ணே, கேஸாயிரும்" என்றார்.

"வச்ச எடத்துலயேதேன் வப்பாரு மேடம்" என்று வடக்கு வரிசையிலிருந்து ஒருவர் சொன்னார்.

"எப்புடி? பொட்டு வச்சு அடையாளம் பண்ணுவாரா?" என்று தெற்கு வரிசையிலிருந்து ஒரு குரல் வந்தது.

சர்வேயர் கையைக் காட்டி அமர்த்தினார். "பாருங்க, கல்லு நகரலைன்னு வச்சவரே எழுதிக் கையெழுத்துப் போட்டா, நான் இதை வச்சே அளந்துட்டுப் போயிருவேன். சந்தேகம்னா வாய்க்கால் பாலத்துக் கல்லுல இருந்து மெஷின் வச்சு அளந்து வரணும். அதுக்கு இன்னொரு நாள் வரணும். என்ன பண்ணட்டும்?"

என் ஒரு கையெழுத்தில் இருந்தது இதுதான்: கல் நகரவில்லை என்று எழுதினால் மதினியின் பாத்ரூம் நிற்கும், கூடத்துக்கு இடம் பற்றாது. நகர்ந்திருக்கலாம் என்று எழுதினால் எது வேண்டுமானாலும் நடக்கலாம்.

மாப்ள என் முழங்கையைப் பிடித்து ஓரமாக இழுத்தான். "மச்சான், நான் ஒண்ணும் கேக்கல. உண்மையச் சொல்லுங்க, போதும்."

"உண்மை எதுன்னு நீயே சொல்லு மாப்ள."

"கல்லு தெக்க வந்துருக்கு. கண்ணு இருக்கவனுக்குத் தெரியும்."

"எப்ப வந்துச்சு?"

"அதை நட்ட ஆளு என்னையக் கேக்குறீங்க!"

மறுபக்கம் திரும்பினால் அண்ணன். அவர் வேட்டி நுனியால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். வாசலில் சக்கர நாற்காலியில் இருந்த மதினிதான், குழறுகிற நாக்கோடு, "ஏய்யா, அந்த மனுசனைப் போட்டு ஏன் பாடாப்படுத்துறீங்க? கல்லையே கேளுங்க, அது சொல்லும்" என்றார். சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

எழுதிக் கொடுக்க வேண்டும் என்றால் நம் தெருவில் எங்கே போவோம்? கால் தானாக அண்ணன் வீட்டு முன்னறைக்குப் போய்விட்டது. அவரும் உள்ளே வந்து, மூக்குக்கண்ணாடியை மாட்டி, வெள்ளைத்தாளை எடுத்து மேஜையில் வைத்துவிட்டார். இரண்டு பேருமே பழக்கதோஷத்தில் உட்கார்ந்துவிட்டோம். உட்கார்ந்த பிறகுதான், அவர் வீட்டுக்கு எதிராகப் போகக்கூடிய வாக்குமூலத்தை அவர் கையாலேயே எழுத வந்திருக்கிறேன் என்பது எனக்கு உறைத்தது. ஜன்னலில் பாதித் தெருவின் தலைகள்.

"ம், சொல்லு தம்பி."

நான் மனதில் அந்தக் குழியைத் தேடிக்கொண்டிருந்தேன். ஒரு வருடம் பொங்கலுக்கு மழை பெய்து குழியின் பக்கம் சரிந்துவிட்டது நினைவிருக்கிறது. கடப்பாரை சுக்கானில் பட்டு நெருப்புப் பொறி பறந்தது. நான் கொஞ்சம் தள்ளி, மண் இளகின பக்கமாகத் தோண்டினேன். எந்தப் பக்கம்? மதினி திண்ணைக் கைப்பிடிச்சுவருக்கு மேலாகக் காப்பி நீட்டியதும், நான் இடது பக்கம் திரும்பி வாங்கியதும் படம் மாதிரி தெரிகிறது. அப்படியானால் நான் கிழக்கே பார்த்து நின்றிருக்க வேண்டும், குழி எனக்கு வலப்பக்கம், அதாவது தெற்கே நகர்ந்திருக்க வேண்டும். ஆனால் அந்த வருடம் அந்தக் கைப்பிடிச்சுவரே கிடையாது, அதைக் கட்டியது பிறகு. காப்பி வேறு வருடத்துக் காப்பி. மழை வேறு வருடத்து மழை. இரண்டையும் யார் ஒன்றாக ஒட்டியது?

"நடந்ததைச் சொல்லு" என்றார் அண்ணன். எல்லாரிடமும் சொல்வதைத்தான் சொன்னார்.

"கல்லைப் பிடுங்கி நட்டது நெசம்ணே. அதே எடத்துல நட்டேனான்னு…"

பேனா நின்றது. "தெரியாதுன்னு போடவா, ஞாபகம் இல்லைன்னு போடவா?"

"ரெண்டுல எதுண்ணே உங்களுக்கு…" என்று ஆரம்பித்துவிட்டேன்.

அண்ணன் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "எனக்கு எதுங்கிறது இதுல வராது. உனக்கு எது?"

"ஞாபகம் இல்லைண்ணே."

எழுதினார். முத்து முத்தான எழுத்து. ஒரு வார்த்தையை அவர் கூட்டவில்லை, குறைக்கவில்லை. எழுதியதை உரக்கப் படித்துக்காட்டி, "சரியா இருக்கா?" என்று கேட்டு, பேனாவை என் பக்கம் திருப்பிக் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன்.

அந்தத் தாளை இரண்டு வரிசையும் நம்பவில்லை. வடக்கே, "ஆமாம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், கூடம் வேணும்னு கழண்டுக்கிட்டான்" என்றார்கள். தெற்கே, "ரெண்டு பேரும் உள்ள உக்காந்து பேசி வச்சு எழுதுனது, இவன் கொழுந்தன், அவர் அண்ணன்" என்றார்கள். உங்கள் காதுக்கு வந்த இரண்டு கதையும் இந்த ஒரே தாளிலிருந்துதான் கிளம்பியவை. தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் ஊரில் ஒரு ஆள்கூட நம்பமாட்டான் என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

ஆனால் பிள்ளைகளே, நானே என்னை முழுதாக நம்பவில்லை. எனக்கும் அந்தக் கூடம் வேண்டும். மகனே, உன் கல்யாணத்தை அதில் வைத்து நடத்துவதாக எத்தனையோ முறை நினைத்திருக்கிறேன். அண்ணனும் வேண்டும். இரண்டும் வேண்டும் என்கிறவனுக்கு ஞாபகம் இல்லாமல் போவது ரொம்ப வசதி. உண்மையிலேயே மறந்தேனா, மறக்கும் இடமாகப் பார்த்துப் போய் நின்றுகொண்டேனா? 

பங்குனியில் சர்வேயர் மெஷினோடு வந்தார். வாய்க்கால் பாலத்துக் கல்லிலும் பஸ் ரோட்டுக் கல்லிலும் வைத்துப் பார்த்து, பொட்டலில் ஒரு ஆணி அடித்து, அங்கிருந்து சிவப்பு பெயிண்ட் டப்பாவோடு நடந்தார். அண்ணன் வீட்டு பாத்ரூமின் பக்கச் சுவரில் வந்து நின்றார். ஒரு கோடு இழுத்தார். கிட்டத்தட்ட அந்தச் சுவர் நடுவில். கல் இரண்டரை அடி தெற்கே வந்திருந்தது.

 மாப்ளகூட கைதட்டவில்லை. மதினிதான் வாசலிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு, "பாதி சர்க்காருக்கு, பாதி எனக்கா? எந்தப் பாதியில உக்காரணும்னு அந்தப் பாப்பாவைக் கேட்டுச் சொல்லுங்க" என்றார். சர்வேயர் பெண்ணுக்கு முகம் செத்துவிட்டது. "நான் அளக்க மட்டுந்தாங்கம்மா" என்று சொல்லி, மெஷினை மடிக்க ஆரம்பித்தார்.

அன்று மத்தியானம் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது எனக்குக் காரணம் பிடிபட்டது. கம்பத்தைத் தூக்கி நிறுத்தும்போது அது பொட்டல் பக்கம், தெற்கே நீளமாகக் கிடக்கும். அடிமுனை குழிக்குள் சறுக்கி இறங்குவதற்காகத் தெற்குப் பக்க விளிம்பை மட்டும் சரிவாக வெட்டுவோம். வருடா வருடம் அந்தப் பக்கமே மண் இளகும். இளகிய மண்ணில் கல் சுலபமாக இறங்கும். ஒரு வருடத்துக்கு ஒரு விரல்கடை போதும். அப்பா காலத்திலிருந்து எண்ணிப் பாருங்கள். உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "இதை மாசியிலேயே யோசிச்சிருக்கலாம்ல?" என்றாள். யோசித்திருக்கலாம். கைக்குத் தெரிந்தது தலைக்கு ஏறவில்லை. அல்லது ஏறவிடவில்லையோ என்னவோ.

இரண்டு நாள் கழித்து மாப்ளவே அண்ணன் வீட்டுக்குப் போனான். என்னையும் கூட்டிக்கொண்டு போனான்.

"அண்ணே, பாத்ரூமைத் தொட வேணாம். கூடத்தைக் கொஞ்சம் குறுக்கிக் கட்டச் சொல்லி எழுதுவோம். நீங்களே எழுதுங்க."

"குறுக்குனா வேலையே ரத்தாயிரும் மாப்ள. அந்த மனுவை எழுதுனவன் நான், எனக்குத் தெரியாதா?"

"அப்ப மதினி?"

"அவளுக்கு எடம் பாத்துட்டேன்."

அவர் பார்த்த இடம் முன்னறை. மேஜையைப் பின்கட்டுக்கு நகர்த்தி, மனு பைல்களைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, அந்த அறையைப் பாத்ரூமாக மாற்றப் போவதாகச் சொன்னார். மாப்ள தலையைத் தடவிக்கொண்டே வெளியே வந்தான். அவன் அலைந்து வாங்கிய கூடத்துக்கு அவன் விரும்பிய இடம் கிடைத்துவிட்டது. ஆனாலும் அவன் முகத்தைப் பார்த்தால் ஏதோ தொலைத்தவன் மாதிரி இருந்தது. இப்போது தெருக்காரர்கள் மனு எழுத வேண்டும் என்றால் டீக்கடை பெஞ்சுக்கு அவரை அழைக்கிறார்கள். வருகிறார். மதினியைத் தனியே விட முடியாததால் சீக்கிரம் எழுந்துவிடுகிறார்.

வேலை ஆடி வரை இழுத்தது. முன்னறையில் எல்லாம் முடிந்து, நான் கம்பிகளைக் கழற்றி அங்கே மாட்டிய பிறகுதான், இரண்டு ஆளை விட்டுப் பழைய பாத்ரூமை இடித்தார். கம்பி மாட்டுகிற அன்று அறைக்குள் நாங்கள் இரண்டு பேர் மட்டும். நான் ஸ்க்ரூவை முறுக்கிக்கொண்டே கேட்டுவிட்டேன்.

"அண்ணே, நான் மாசியில கல்லு நகரலைன்னு எழுதச் சொல்லியிருந்தா எழுதியிருப்பீங்களா?"

அவர் கம்பியைச் சுவரோடு சேர்த்து அழுத்திப் பிடித்தார். "எழுதியிருப்பேன்."

"நீங்க வேற ஏதாவது நெனச்சீங்களாண்ணே? நான் கூடத்துக்காக அப்படிச் சொன்னேன்னு?"

"நெனச்சேன்."

"இப்ப?"

"இப்பவும் சில நேரம் நெனக்கிறேன் தம்பி. சில நேரம் நெனக்கல. அந்த ஸ்க்ரூ லூசா இருக்கு பாரு."

மதினி வெளியிலிருந்து, "உள்ள என்ன ரகசியம்? எனக்குக் கம்பியை நல்லா மாட்டுங்கய்யா, இதுவும் நகர்ந்துறப் போகுது" என்றார். அண்ணன் சிரித்தார். நானும் சிரித்தேன். கோபத்தில் சொன்னாரா, கேலிக்குச் சொன்னாரா என்று எனக்குப் பிடிபடவில்லை. வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதையே யோசித்துக்கொண்டு வந்தேன்.

ஆகவே மகளே, இடிக்கச் சொன்னது நான் இல்லை, ஆனால் நான் வேறு மாதிரிச் சொல்லியிருந்தால் இடித்திருக்க மாட்டார்கள். மகனே, பொய் எழுதிக் கொடுக்கவில்லை, ஆனால் எழுதியதில் என் ஆசை எவ்வளவு கலந்திருந்தது என்று எனக்கே அளக்கத் தெரியவில்லை. உங்கள் மாமாவும் பெரியப்பாவும் இன்னும் என்னோடு பேசுகிறார்கள், டீ குடிக்கிறார்கள். நீங்கள் வரும்போது இரண்டு வீட்டுக்கும் போங்கள். எந்த வீட்டிலும் என் சார்பாக எதுவும் பேச வேண்டாம்.

போன ஞாயிற்றுக்கிழமை காலை அண்ணனும் மதினியும் சர்ச்சுக்கு, பூசைக்கு, ஆட்டோவில் போயிருந்தார்கள். மாப்ளயும் ஊரில் இல்லை. நான் அந்தப் பக்கம் போனேன். இடித்த செங்கல் குவியலாக, மழையில் நனைந்து கிடந்தது. கீழே உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, ஒட்டியிருந்த காரையைக் கொத்தனார் கரண்டி முனையால் கொத்தித் தட்டிச் சுத்தம் செய்தேன். முழுக்கல்லைச் சுவரோரம் நாலு வரிசையாக அடுக்கினேன். உடைந்ததைத் தனியாக ஒதுக்கினேன். அவர்கள் குழாயிலேயே கையைக் கழுவி, வெளிக்கதவின் கொண்டியைப் போட்டுவிட்டு, ஆட்டோ திரும்பி வருவதற்குள் வீட்டுக்கு வந்துவிட்டேன்.